குளிர் என்று சொல்லாதே, கண்ணு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கெல்லாம் நான் "செரி சாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். முகூர்த்தம் விடியற்காலை ஐந்தரைக்கு, அந்நேரத்தில் என்னால் எழுந்து நடமாட முடியாது, அதனால் நான் மண்டபத்து ரூமிலேயே படுத்திருக்கலாம், மேடையில் பெரியம்மா நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள், பத்து மணிக்கு மேல் மெல்ல வந்து போட்டோவுக்கு நின்றால் போதும் என்றாய். அக்கறையாகத்தான் சொன்னாய், குரலிலேயே தெரிந்தது. போனை வைத்த பிறகு பால் பொங்கி அடுப்பில் வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளை தாலி கட்டும்போது சுவருக்கு இந்தப் பக்கம் போர்வைக்குள் படுத்துக்கொண்டு மேளச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு மனசில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று மீதியை மூடிவிடுவாய். கடிதத்தை அப்படி மூட முடியாதே. என் விரல் மத்தியானத்துக்கு மேல்தான் பேனாவைப் பிடிக்கும் என்பதால் இந்த வாரம் முழுக்க மத்தியான நேரங்களில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உனக்கு மனைவியாக வரப்போகிற நந்தினியும் படிக்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாம் கீழ் கோத்தகிரியில் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் இருந்த காலத்தில், நீ இரண்டாவது படிக்கும்போது இது ஆரம்பித்தது. அது உறைபனி மாதம். விடிந்ததும் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், தேயிலைச் செடியைத் தொட்டால் விரல் எரியும். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் எல்லோரும் வேலைக்கு முன்னால் காய்ந்த குச்சியைப் பொறுக்கித் தீ மூட்டிக் கையைக் காட்டிக்கொண்டு நிற்போம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தியாகக் கையை உதறிக்கொண்டு கூடையை மாட்டுவாள். என் கை மட்டும் அப்படியே இருக்கும். தீ அணைந்து சாம்பலான பிறகும் விரலை மடக்க முடியாது. பக்கத்து வீட்டுச் சரசுவிடம் சொன்னேன். அவள் நல்லவள், என் பிரசவத்தில் கூட இருந்தவள். "எனக்குந்தான் வெறைக்குதுக்கா. நாலு செடி எடுத்தீங்கன்னா செரியாப் போயிரும்" என்றாள். பொய் சொல்லவில்லை, அவளுக்கு நான்கு செடியில் சரியாகிவிடும். எல்லோருக்கும் கை விறைக்கிற ஊரில் என் விறைப்பு வேறு என்று எப்படிச் சொல்வது? எனக்கே அது வேறு என்று தெரியவில்லை. மற்றவர்களெல்லாம் தாங்கிக்கொள்கிறார்கள், நான்தான் தாங்க மாட்டேன் என்கிறேன் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இரண்டு வருஷத்தை ஓட்டினேன்.

எஸ்டேட்டில் ஒரு நாளில் மூன்று எடை. காலையில் பறித்தது ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இந்த நோய்க்கென்று ஒரு குணம் உண்டு. படுத்து எழுந்தவுடன்தான் அது மனிதரைப் போட்டு அமுக்கும். கைகால் அசைய அசைய, வெயில் ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். ஆகவே என் காலை எடை எப்போதும் கேவலமாக இருக்கும். அந்தக் குறையை ஈடுகட்ட மத்தியானத்துக்கு மேல் பேய் பிடித்தவள் மாதிரி பறிப்பேன். சாயங்காலம் என் கூடை மற்றவர்களுடையதைவிடக் கனமாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும், சொல். எடை போடும் இடத்தில் மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "ஏம்மா, காலையில வெறுங்கூடை, பொழுதுசாய நெறஞ்ச கூடை. காலையில எந்தச் செடிக்கடியில தூங்கிட்டு வர்றே?" பெண்கள் சிரித்தார்கள், சரசுவும் சேர்ந்து சிரித்தாள். நானும்தான் சிரித்து வைத்தேன். சாயங்காலம் சும்மா இருந்திருந்தால் உண்மையாகவே முடியாதவள் என்று நம்பியிருப்பார்கள். உழைத்துத்தான் சோம்பேறி என்று பெயர் வாங்கினேன்.

உங்கப்பாவைப் பற்றியும் நந்தினிக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவரைத் தப்பாக நினைத்துக்கொள்வாள். அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாக்டரியில் நைட் டூட்டி. தோட்டத்து இலை சாயங்காலம் வந்து சேரும், ராத்திரி முழுக்க மிஷின் ஓடும், அவர் வீட்டுக்கு வரும்போது எட்டரை ஒன்பது ஆகிவிடும். அதற்குள் என் கை முக்கால்வாசி தளர்ந்திருக்கும். வேலை நாளில் நான் தோட்டத்துக்குப் போயிருப்பேன், வீட்டில் இருக்கிற நாளில் டீ போட்டுக் கொடுப்பேன், குடித்துவிட்டுப் படுப்பார். அவர் எழுந்திருக்கும் நேரத்தில் நான் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பேன். ஆகப் பார்க்கும்போதெல்லாம் நல்லபடியாக இருக்கிற பெண்டாட்டிதான் அவருக்கு. லீவு நாளிலும் அவர் உடம்பு பகலில்தான் தூங்கும், விடியற்காலையில் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். ஒரு நாள்கூட என்னைக் கோபித்ததில்லை. மருந்துச் செலவுக்கு யோசித்ததும் இல்லை. ஆனால் ஐந்து மணிக்கு நான் எப்படி இருப்பேன் என்று அவருக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் இது தெரியாமலே போய்விட்டது. அவரிடம் சொல்லிக் காட்டவும் எனக்கு வரவில்லை. "இப்ப எப்படி இருக்குது?" என்று அவர் கேட்கிற நேரத்தில் எனக்கு உண்மையாகவே பரவாயில்லாமல்தான் இருக்கும்.

பார்த்தது நீ ஒருத்தன்தான். போர்வையை விலக்கக்கூட முடியாமல் நான் கிடக்கும்போது விலக்கிவிட்டவன் நீ. அடுப்பைப் பற்ற வைத்து, அலுமினியக் குண்டாவில் வெந்நீர் கொண்டுவந்து, அதில் என் இரண்டு கையையும் பிடித்து வைப்பாய். தரையில் காலை ஊன்றினால் ஜல்லிக் கல்லின் மேல் நிற்கிற மாதிரி இருக்கும் எனக்கு, அதனால் செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைப்பாய். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் எண்ணெய்ப் பாட்டில், உப்பு ஜாடி, மாத்திரை டப்பா எல்லாவற்றின் மூடியையும் லேசாகத் திருகித் தளர்த்தி வைத்துவிட்டுப் போவாய். நான் சொல்லிக் கொடுத்தது இல்லை, நீயாகவே செய்தது. இன்றைக்கும் திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்து போகும்போது அப்படித்தான் செய்துவிட்டுப் போகிறாய். பஸ் ஏறிப் போன பிறகு அந்த மூடிகளைப் பார்த்து அழுதிருக்கிறேன். அதனால் உனக்கு என் வலி தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள்ளே உனக்கு எல்லாம் தெரியும். வாசலைத் தாண்டினால்தான் உனக்கு வாய் வரவில்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தைலமும் வலி மாத்திரையும்தான் கொடுத்தார்கள். விரல் கணு இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கிய பிறகுதான் கோயம்புத்தூர் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றார். தமிழில் முடக்கு வாதம். நான் குளிரா என்று கேட்டேன், வயசா என்று கேட்டேன், கொழுந்து பறித்துப் பறித்துத் தேய்ந்துவிட்டதா என்று கேட்டேன். அது எதுவும் இல்லையாம். உடம்பைக் காப்பாற்ற உள்ளே ஒரு சக்தி இருக்கிறதாம், அது ஆளை மறந்து சொந்த மூட்டுகளையே தாக்குகிறதாம். தோட்டத்துக் காவல்காரன் கம்பை எடுத்துக்கொண்டு நம் ஆட்களையே திருடன் என்று அடிப்பது போல என்று நான் புரிந்துகொண்டேன். ஏன் அப்படி ஆகிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது என்றும் அவரே சொன்னார். மூட்டு மட்டும் இல்லை, உடம்பு முழுக்க ஒரு அசதி, காய்ச்சல் விட்ட மறுநாள் போல. சில மாதம் அடங்கி இருக்கும், சில மாதம் கிளம்பும். வாரம் ஒரு நாள் போடுகிற மாத்திரையால் இப்போது பகலில் பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கிறது, விடியற்காலையில் மட்டும் அடங்குவதில்லை. சீக்கிரமே வந்திருந்தால் விரல் இப்படிக் கோணியிருக்காது என்றார். குளிர் குளிர் என்று ஊரே சொன்னதை நானும் நம்பி உட்கார்ந்திருந்ததற்கு விரலைக் கொடுத்தேன்.

திரும்பி வந்து லைனில் சொன்னால் யாருக்கும் அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. வாதம் என்றதும் கைகால் இழுத்துக்கொள்ளுமா என்று கேட்டார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று ஒருத்தி என் டம்ளரைத் தனியாக வைத்தாள். உருளைக்கிழங்கு வாய்வு, அதை விட்டால் போய்விடும் என்றார்கள். உருளைக்கிழங்கு விளைகிற மலையில் உட்கார்ந்துகொண்டு உருளைக்கிழங்கை விட்டேன். கிழங்குதான் போனது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து சொன்னது, கீழே போய் வெயிலில் இரு என்பது. உன்னையும் கூட்டிக்கொண்டு கோடை லீவில் காரமடைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ கிணற்றில் நீச்சல் பழகினாய். அந்த வெயிலிலும் விடியற்காலையில் என் கை இதே மாதிரிதான் மரமாகக் கிடந்தது. பெரியம்மா முதலில் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். பத்து நாள் பார்த்தாள். பிறகு ஒரு நாள் சமையல்கட்டில் தன் மாமியாரிடம் சொல்வது என் காதில் விழுந்தது. "மேல இருந்தாக் குளுருன்னாங்க. இங்க குளுரே இல்லீங்க. அப்ப இது கையில இல்ல, மனசுலதான் இருக்குது." கூடப் பிறந்தவள் சொன்னது. மலையில் இருக்கும்போதாவது குளிர் என்று ஒரு சாக்கு இருந்தது எனக்கு, கீழே போனதும் அதுவும் இல்லாமல் போயிற்று. அடுத்த நாளே உன்னைக் கிணற்றிலிருந்து கூப்பிட்டுப் பஸ் ஏற்றினேன். நீ வழியெல்லாம் அழுதாய், காரணம் கேட்டாய். வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நானே குளிர் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். குளிர் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை, அவரவர் கையைத் தேய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். உனக்கும் அதுதான் வாயில் படிந்துவிட்டது. தோட்டத்தில் இலை எடுக்கக் கத்திரி வந்ததும் மற்றவர்களுக்கு எடை கூடியது, எனக்குக் கத்திரியை ஒரு தடவை அழுத்தவே மணிக்கட்டு தெறித்தது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு இந்தக் கட்டபெட்டுக்குக் குடிவந்தோம், நீ வேலைக்குத் திருப்பூர் போனாய். இங்கே என் காலைநேரம் எப்படி இருக்கும் என்று நீ கேட்டதில்லை, கேட்டால் கவலைப்படுவாய் என்று நானும் சொன்னதில்லை. ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது இல்லை, போட்டால் காலையில் திறக்க முடியாது. அரிசி டின்னைக் காலால் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கிறேன். கரடி நடமாட்டம் இருக்கிற ஊர், பயமாகத்தான் இருக்கிறது. ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். முதல் பஸ் போகிற சத்தம் கேட்கும். பிறகு வேலைக்குப் போகிற பெண்கள் ரோட்டில் பேசிக்கொண்டு போவது கேட்கும், சன்னலுக்கு அந்தப் பக்கம் கைக்கு எட்டும் தூரத்தில். கூப்பிட்டால் வருவார்கள். வந்தால் என்ன சொல்வது என்று நினைத்துக் கூப்பிடாமல் கிடப்பேன். உங்கப்பா வரும் வரைக்கும் அந்த நேரம் யாருக்கும் தெரியாத நேரம். இத்தனை பேருக்கு நடுவில் நான் தனியாக இருக்கிறேன் கண்ணு. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது நந்தினி வீட்டார் நம் வீடு பார்க்க வந்த நாளுக்கு வருகிறேன். அவிநாசியிலிருந்து இருட்டோடு கிளம்பி எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். என்னால் எழுந்து வாசலுக்குப் போய் வாங்க என்று கூப்பிட முடியவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டேன். சம்பந்தியம்மா முகம் மாறியதைப் பார்த்தேன். காபித் தட்டை நீ கொண்டுவந்தாய். கொண்டுவரும்போதே, "அம்மாவுக்கு இந்தக் குளிர்ல கை கொஞ்சம் வெறைச்சுக்குமுங்க, கீழ கூட்டிட்டு வந்துட்டா செரியாயிருமுங்க" என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். கிளம்பும்போது அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? நேராக என்னிடம் வந்து, "வர்றேனுங்க அத்தை" என்று என் வலது கையைத் தன் இரண்டு கையாலும் எடுத்து ஆசையாக ஒரு அழுத்து அழுத்தினாள். உயிர் போய் வந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். அவள் அப்படியே நின்றாள், கண் கலங்கிவிட்டது. அவளைப் பிடிக்காமல்தான் இழுத்துக்கொண்டேன் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். போனில் "சாப்டீங்களா அத்தை" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உன்னிடம் கொடுத்துவிடுகிறாள். நந்தினி, நீ இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்ளம்மா. எனக்கு மகள் இல்லை. அப்படி ஆசையாக என் கையை யாரும் பிடித்ததே இல்லை. உன்னைப் பிடித்துப்போன அந்த நிமிஷத்தில்தான் என் கை என்னைக் கைவிட்டது.

நீ ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். நோயின் பேரைச் சொன்னால் பரம்பரை வியாதியா, பிறக்கிற குழந்தைக்கும் வருமா என்று கேட்பார்கள், சம்பந்தம் நின்றுவிடும் என்று பயந்தாய். பயம் நியாயமானதுதான். இதற்காகவே அந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். குடும்பத்தில் ஒருத்தருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் வந்தே தீரும் என்று கிடையாது, பெரும்பாலோருக்கு வருவதில்லை என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு நந்தினி வேண்டாம் என்றால் அது அவள் உரிமை. தெரியாமல் வந்து, கீழே கூட்டிவந்த மாமியார் ஏன் இன்னும் காலையில் எழுந்திருக்கவில்லை என்று ஒரு நாள் சமையல்கட்டில் யாரிடமாவது சொன்னால், என்னால் இன்னொரு தடவை பஸ் ஏற முடியாது. திருப்பூர் வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்கிறாய். உங்களோடு இருக்க எனக்கு ஆசைதான். குணமாவதற்காக வருகிறாள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதே, உன் அம்மா என்பதற்காகக் கூட்டிக்கொண்டு போ.

கல்யாணத்தன்றைக்கு என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன். முகூர்த்தத்தை மாற்ற வேண்டாம். உங்கப்பா லீவு சொல்லிவிட்டார். என்னை இரண்டு மணிக்கே எழுப்பி, வெந்நீர் வைத்துக் கொடுத்து, கையையும் காலையும் மெல்ல அசைத்துவிடும்படி கேட்டிருக்கிறேன். ஏன் அத்தனை சீக்கிரம் என்று கேட்டார். அன்றைக்குப் பாருங்கள் என்று சொன்னேன். வயதான காலத்தில் பெண்டாட்டியைப் புதிதாகப் பார்க்கட்டும். எப்படியும் ஐந்தரைக்குள் மேடைக்கு வந்துவிடுவேன். எனக்கு ஒரு நாற்காலி மட்டும் போட்டு வை. தாலித் தட்டை என்னால் தாங்க முடியாது, அதைப் பெரியம்மா பிடிக்கட்டும், நான் தொட்டுக் கும்பிட்டுக்கொள்கிறேன். அரிசி தூவும்போது பாதி கீழே கொட்டும். உறவுக்காரர்கள் கேட்பார்கள், சம்பந்தியம்மா கேட்பார், அக்கம்பக்கத்தில் குசுகுசு என்று பேசிக்கொள்வார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். முன்பு பேரோடு சொன்னபோதே ஒருத்தரும் நம்பவில்லை, சொல்கிறவளுக்கே நோய் என்றால் யார் நம்புவார்கள்? பார்த்தவன் நீதான், நீதான் சொல்ல வேண்டும். குளிர் என்று சொல்லாதே. பேரைச் சொல், காலையில் அம்மா இப்படித்தான் இருப்பாள், எங்கே போனாலும் இருப்பாள், மருந்து சாப்பிடுகிறாள் என்று சொல். மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு அதைச் சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கும். அந்த ஒரு கூச்சத்தை எனக்காகப் பொறுத்துக்கொள்.

முடியாது என்று தோன்றினால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடு, சாபம் கொடுக்க மாட்டேன். நீ சொன்ன மாதிரியே ரூமில் படுத்திருக்கிறேன். பத்து மணிக்கு எழுந்து வந்து, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வந்த மற்றவர்களைப் போல வரிசையில் நின்று மொய் எழுதிவிட்டு, அடுத்த பஸ்ஸில் மேலே ஏறிவிடுகிறேன்.

அம்மா